சந்நிதி விளக்கு மங்கலாகத் தெரிகிறதா?

கோயிலுக்குச் சென்று திரும்பியவரிடம் வீட்டில் உள்ளோர் கேட்கும் முதற்கேள்வி, ‘நல்ல தரிசனமா?’ என்பதுதான். கூட்டம் எப்படி, பிரசாதம் என்ன என்பதெல்லாம் அதன் பின்னரே. தரிசனம் என்னும் சொல்லுக்குப் பொருளே காண்பது. நாம் இறைவனைக் காண்பதும், அவன் நம்மைக் காண்பதுமாகிய அந்த ஒரு கணத்துக்காகவே வரிசையில் நிற்கிறோம்; திரை விலகும்வரை காத்திருக்கிறோம். அந்தக் கணத்தில், ‘தீபம் தெரிகிறது, திருமுகம் தெரியவில்லையே’ என்று மனத்துக்குள் வருந்தும் பெரியோர் நம்மில் எத்தனை பேர்! கேட்டால், “வயதாகிவிட்டது, இனி இவ்வளவுதான். எல்லாம் அவன் விட்ட வழி” என்பார்கள்.

அந்த விடையே இக்கட்டுரைக்குக் காரணம். முதுமையில் வரும் பார்வை மங்கல் எல்லாம் ஒன்றல்ல. ஒன்று, கால் மணி நேர அறுவை சிகிச்சையால் நீங்குவது. ஒன்று, மூக்குக்கண்ணாடியை மாற்றினாலே சரியாவது. வேறொன்று, வலியோ அறிகுறியோ இன்றி வந்து, போன பார்வையைத் திரும்பத் தராமலே போய்விடுவது. இவற்றுள் நமக்கு வந்திருப்பது எது என்று அறியாமல், எல்லாவற்றையும் விதியின் கணக்கில் எழுதிவிடுவதில் பக்தி ஏதும் இல்லை.

நம் சமய மரபும் கண்ணை எளிதில் விட்டுக்கொடுத்த மரபு அன்று. சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாற்றை நாம் அறிவோம். திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் செய்து கொடுத்த சபதத்தை மீறி ஊரின் எல்லையைக் கடந்தபோது, இரு கண்களும் ஒளியிழந்தன. அவர் அங்கேயே அமர்ந்துவிடவில்லை. வழி கேட்டுக் கேட்டு நடந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண் கிடைத்தது. திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தது. (அந்தத் திருவெண்பாக்கத்துப் பழைய ஆலயம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் அடங்கிப் போயிற்று. ஊன்றீஸ்வரர் இன்று பூண்டியில் புதிய ஆலயத்தில் எழுந்தருளியிருக்கிறார்.) ஊன்றுகோல் கிடைத்ததே போதும் என்று நம்பியாரூரர் திருப்தி அடையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இறைவனோடு வாதாடினார், உரிமையோடு கேட்டார், மேலும் நடந்தார்.

சமயபுரத்திலும், நாட்டரசன்கோட்டை கண்ணுடைய நாயகி சந்நிதியிலும் வெள்ளிக் கண்மலர் சாத்தி வேண்டிக்கொள்வோர் இன்றும் உண்டு. மயிலை வெள்ளீஸ்வரர் ஆலயத்தில், மாவலியின் வேள்வியில் கண்ணிழந்த சுக்கிராசாரியார் வழிபட்டுப் பார்வை பெற்றார் என்பது ஐதீகம். அந்தப் பிரார்த்தனைகளை யாரும் விட வேண்டியதில்லை. கண்மலர் சாத்திவிட்டு, கண் மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுவதுதான் பிழை.

தீபம் சொல்லும் சேதி

முதலில் ஓர் ஆறுதல். கருவறை இருட்டாகத் தெரிவதெல்லாம் நோய் அல்ல. இருபது வயதில் விழித்திரையைச் சென்றடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதில் சென்றடைகிறது. கண்மணி சுருங்கிவிடுகிறது, உள்ளே இருக்கும் வில்லை பழுப்பேறிவிடுகிறது. அன்றியும், வெயில் காயும் பிராகாரத்திலிருந்து இருண்ட அர்த்த மண்டபத்துக்குள் நுழைந்தால், இளையவர் கண் விரைவில் பழகிவிடும். முதியவர் கண்ணுக்கு அதிக நேரம் வேண்டும். ஆகவே உள்ளே நுழைந்தவுடன் முந்திச் செல்லாமல், மகா மண்டபத்தில் ஒரு தூணருகே சில நிமிடம் நின்று நாமத்தைச் சொல்லிக்கொண்டிருங்கள். அதன் பிறகு மூலவர் தெளிவாகத் தெரிந்தால் கண்ணைக் குறை சொல்ல வேண்டியதில்லை. வாசற்படியில் இடறி விழுவதும் குறையும்.

அப்படி நின்ற பிறகும் தெரியவில்லை என்றால், தீபத்தைப் பாருங்கள். அதைச் சுற்றி ஒளி சிதறி, சுடர் பெருத்து, இரண்டு மூன்றாகத் தெரிகிறதா? எதிரே வரும் வாகனங்களின் விளக்கு முன்பைவிடக் கண்ணைக் கூசுகிறதா? வெள்ளை மலருக்கும் இளமஞ்சள் மலருக்கும் வேறுபாடு தெரியவில்லையா? இவை பெரும்பாலும் கண்புரையின் அடையாளங்கள். விழியினுள் இருக்கும் தெளிவான வில்லை, பனி படிந்த கண்ணாடி போல் ஆகிவிட்டது.

தீபத்தைச் சுற்றி வானவில் போன்ற வண்ண வளையம் தெரிந்து, அதனுடன் கண்ணில் கடும் வலி, தலைவலி, சிவப்பு, வாந்தி ஆகியவையும் சேர்ந்தால் அது வேறு. கண்ணுக்குள் நீரின் அழுத்தம் திடீரென ஏறிவிட்டதன் அறிகுறி அது. வாந்தி வருவதால் பித்தம் என்றும், தலை வலிப்பதால் ஒற்றைத் தலைவலி என்றும் எண்ணிச் சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்துவிடுகிறார்கள். விடியும்வரை காத்திருந்தால் அந்தக் கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போய்விடக்கூடும். இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை இது.

திருமுகம் நடுவே மறைந்து, சுற்றியுள்ள திருவாசி மட்டும் தெரிகிறதா? நேராக இருக்க வேண்டிய கோடுகள் நெளிகின்றனவா? விழித்திரையின் நடுப்பகுதி தேய்வதால் வருவது இது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். படிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பஞ்சாங்கத்தில் உள்ள ராசிக் கட்டத்தையோ ஜன்னல் கம்பியையோ பாருங்கள். பின்னர் மறு கண்ணை மூடிப் பாருங்கள். கோடு வளைந்தோ கட்டத்தில் ஒரு பகுதி மறைந்தோ தெரிந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்நோயில் ஒரு வகைக்குக் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்து உண்டு. அது உரிய காலத்தில் தொடங்கினால்தான் பயன் தரும்.

ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை எல்லோருமே கொள்ளலாம். கோயில் வாசலில் நின்று ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே கோபுர கலசத்தைப் பாருங்கள். ஒரு கண் மங்கினால் மறு கண் அந்த வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறது. நாம் அறிவதே இல்லை. இரண்டாவது கண்ணும் மங்கிய பிறகுதான், ‘திடீரென்று பார்வை போய்விட்டது’ என்கிறோம்.

புரை முற்றட்டும் என்று காத்திருப்பது

2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், ஐம்பது வயதைக் கடந்தோரிடம் காணப்பட்ட பார்வையின்மையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குக்குக் கண்புரையே காரணம் என்று தெரியவந்தது. சிகிச்சையால் முற்றிலும் நீங்கக்கூடிய ஒரு குறையினால் இத்தனை பேர் இருட்டில் இருக்கிறார்கள்.

பாரத நாடு இந்நோயை அறியாததன்று. சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் கண்ணைப் பற்றியே தொடங்குகிறது. கண் நோய்கள் எழுபத்தாறு என்று கணக்கிடுகிறது. கண்புரைக்குச் செய்யும் சிகிச்சையையும் விவரிக்கிறது. ஊசியால் வில்லையைக் கீழே தள்ளிவிடும் அம்முறையே பல நூற்றாண்டுகள் வழக்கில் இருந்தது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் மருத்துவத்திலும் பேரார்வம் கொண்டவர். அவர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், அவர்களுடைய கண்களின் வண்ண ஓவியங்களோடு, சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. அதே காலத்தில், 1819இல், சென்னையில் தொடங்கப்பட்டதுதான் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. இருநூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் அது இயங்கி வருகிறது.

‘புரை முற்றினால்தான் எடுக்க வேண்டும்’ என்னும் நம்பிக்கை நம் தாத்தா காலத்து உண்மை. அன்று பெரிய கீறலிட்டு வில்லையை முழுதாக எடுத்தார்கள். பல நாள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பிறகு தடித்த கண்ணாடி. அதைக் கழற்றினால் உலகமே தெரியாது. அந்த நிலையை மாற்றியவர் லண்டனில் இருந்த ஹரால்டு ரிட்லி என்னும் மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களுக்குள் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் சில தெறித்துத் தங்கிவிட்டன. கண் அவற்றை வெறுக்கவில்லை, புண்ணாகவில்லை. அதைக் கண்ட ரிட்லி, அதே பொருளால் ஒரு வில்லை செய்து 1949இல் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். அக்காலத்து மருத்துவர் பலர் அவரை ஏளனம் செய்தனர். இன்று நம் வீட்டுப் பெரியவர்களின் கண்ணில் இருக்கும் லென்ஸ் அதன் வழிவந்ததே.

இப்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவே துளையிட்டு, புரையை நுண்ணொலி அதிர்வால் கரைத்து எடுத்து, மடித்த லென்ஸை உள்ளே விரித்துவிடுகிறார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறார்கள். ஆகவே புரை முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காத்திருப்பதில் தீங்கும் உண்டு: மிக முற்றிய புரை கட்டியாகிச் சிகிச்சையைக் கடினமாக்கும், சில வேளைகளில் கசிந்து, கண்ணின் அழுத்தத்தை ஏற்றி, பார்வை நரம்பையே கெடுத்துவிடும். அன்றாட வேலைக்கும் வழிபாட்டுக்கும் இடையூறாகிறது என்றால் அதுவே தக்க காலம். ‘மழை நிற்கட்டும், தை பிறக்கட்டும்’ என்பாரும் உண்டு. அறுவை சிகிச்சைக்கு நல்ல நாள் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. நல்ல வருஷம் பார்ப்பதுதான் கூடாது.

மதுரையில் ஒரு கர்மயோகி

இதைச் சொல்லும்போது ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் டாக்டர் கோ.வெங்கடசாமி. உறவினர் பெண்கள் சிலர் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று உறுதி கொண்டவர். இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது கடும் முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் கோணி முறுக்கிக்கொண்டன. நிற்கவும் முடியாத நிலையிலிருந்து மெல்ல மீண்டார். மகப்பேறு மருத்துவம் இனி இயலாது என்றானபோது கண் மருத்துவம் படித்தார். கோணிய அவ்விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பயின்று, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்.

ஐம்பத்தெட்டு வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. நம்மில் பெரும்பாலோர் திண்ணையில் அமரும் வயது அது. அவரோ 1976இல், பதினொரு படுக்கைகளோடு மதுரையில் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீஅரவிந்தரைக் குருவாகக் கொண்டவராதலால் ‘அரவிந்த்’ என்று பெயரிட்டார். உடன்பிறந்தோரும் அவர்தம் குடும்பத்தாரும் உடன் நின்றனர். கட்டணம் செலுத்த இயன்றவர் தரும் தொகையிலிருந்தே இயலாதவருக்கும் இலவசச் சிகிச்சை என்பது அங்கு நெறி. அமெரிக்காவில் ‘மெக்டொனால்ட்ஸ்’ உணவகத்தைக் கண்டு, ஊருக்கு ஊர் ஒரே தரத்தில் ஓர் உணவைத் தர முடியுமானால் பார்வையைத் தர ஏன் முடியாது என்று அவர் சிந்தித்ததாகச் சொல்வார்கள். ஆசிரமத் தியானமும் அந்நிய உணவகமும் ஒரே மனத்தில் கூடியது வியப்புத்தான்! வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்த காலத்தில், 1992இல் ‘அரோலேப்’ என்னும் நிறுவனம் மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கியதால் அதன் விலை பெரிதும் குறைந்தது. 2006இல் அவர் மறைந்தார்.

காஞ்சி காமகோடி பீடாதிபதி ஸ்ரீஜயேந்திர சரஸ்வதி சுவாமிகள், தொண்டுணர்வோடு இயங்கும் மருத்துவமனை ஒன்று வேண்டும் என்று மருத்துவர்களிடையே கூறிய சொல்லை ஏற்று, டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத் 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவியதும் இவ்வகையிலேயே. அரசு மருத்துவமனைகளிலும் கண்புரைச் சிகிச்சை இலவசம். எனவே, ‘பணம் இல்லை’ என்பது இனி ஒரு காரணமாக இருக்க வேண்டியதில்லை. ‘கூட்டிப்போக ஆள் இல்லை’ என்பதுதான் உண்மைக் காரணம். இதைப் படிக்கும் பிள்ளைகளும் மருமக்களும் அதை மனத்தில் கொள்ளட்டும்.

ஓசையின்றி வருவது

கண்புரை போனதைத் திரும்பத் தரும். கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, அப்படி அன்று. மேலே சொன்ன கடும் வலி இதில் ஒரு வகைக்கே உண்டு. மிகுதியானோருக்கு வருவது வலியே இல்லாத வகை. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். நடுப் பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும். எழுத்துகள் தெரியும், மூலவர் தெரிவார். பக்கத்தில் வருபவர் மீது மோதிக்கொள்வோம், படியில் தடுக்குவோம். இந்நோய் உள்ளோரில் பெரும்பாலானவர்கள் தமக்கு அது இருப்பதையே அறியார்கள். சிதைந்த பார்வை நரம்பைத் திருத்த இன்றுவரை வழி இல்லை.

நாற்பது வயதைக் கடந்த எவரும் கண்ணாடிக்காகப் பார்வையைச் சோதிக்கும்போது, ‘கண்ணின் அழுத்தத்தையும் நரம்பையும் பாருங்கள்’ என்று கேட்டுப் பெற வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். சொட்டு மருந்து கொடுத்தால் அதை நாள்தோறும் விட வேண்டும். ‘ஆறு மாதம் விட்டேன், பார்வை தேறவில்லை, நிறுத்திவிட்டேன்’ என்று பலர் கூறுகிறார்கள். ஏரிக்கரையின் உடைப்பை அடைப்பது, போன நீரைத் திரும்பக் கொண்டுவராது. இருக்கும் நீரைக் காக்கும். இம்மருந்தும் அப்படியே. சந்தியாவந்தனத்துக்கும் விளக்கேற்றுவதற்கும் வேளை வைத்திருப்பவர்களுக்கு, சொட்டு மருந்துக்கு ஒரு வேளை வைப்பது கடினமா?

சர்க்கரை நோய் உள்ளோர் நிலையும் இதைப் போன்றதே. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வின்படி, நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையோர். சர்க்கரை மிகுந்த குருதி, விழித்திரையின் நுண்ணிய நாளங்களை மெல்ல அரிக்கிறது. பார்வை நன்றாக இருக்கும்போதே அழிவு தொடங்கிவிடும். ஆதலால், குறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணில் மருந்திட்டு விழித்திரையைச் சோதிக்க வேண்டும். (அந்த மருந்தினால் சில மணி நேரம் எழுத்து தெரியாது, வெளிச்சம் கூசும், துணையோடு செல்க.) சர்க்கரைப் பொங்கலை மறுப்பது பாவம் என்று எண்ணுவோருக்கு ஒரு சொல்: பிரசாதம் என்பது ஒரு துளி. தொன்னை நிறையத் தின்பது பசி.

வீட்டில் உள்ள மற்றவர்கள்

நம் வீட்டுப் பாட்டிகள் எல்லோருக்கும் பரிமாறிய பிறகே தாம் உண்பவர்கள்; சிகிச்சையிலும் அப்படியே கடைசியில் நிற்கிறார்கள். உலக அளவில் பார்வைக் குறை உடையோரில் பெண்களே அதிகம். ‘எனக்கென்ன, சமையற்கட்டில்தானே இருக்கிறேன்’ என்பவரின் கை சூட்டுத் தழும்புகளைப் பார்த்தால் கண் எப்படி இருக்கிறது என்பது தெரியும்.

வயல் வேலை செய்வோர் கண்ணில் நெல் உமியோ கரும்புத் தோகையோ பட்டால், அந்தச் சிறு கீறலில் பூஞ்சை புகுந்து கருவிழியைப் புண்ணாக்கிவிடும். அதற்குத் தாய்ப்பால், தேன், இலைச்சாறு இவற்றை விடுவதும், மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி விடுவதும் பெருந்தீங்கு. அவற்றுள் ஸ்டீராய்டு கலந்தவை, புண்ணை வளர்ப்பதோடு, நெடுநாள் விட்டால் கண்புரையையும் நீர் அழுத்தத்தையும் வரவழைக்கும். மூடிய இமை மீது நந்தியாவட்டைப் பூவை வைத்துக் குளிர்ச்சி காண்பதில் குற்றமில்லை; எதையும் கண்ணுக்குள் பிழிய வேண்டாம்.

பேரப்பிள்ளைகளைக் கூர்ந்து கவனிப்பவர் தாத்தா பாட்டிதான். மாறுகண் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள். சிறு வயதிலேயே சிகிச்சை செய்யாவிட்டால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போய்விடும். குழந்தையின் கண்மணி புகைப்படத்தில் வெள்ளையாகப் பளிச்சிட்டால் ஒரு நாளும் தாமதியாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது விழித்திரையில் வளரும் புற்றாக இருக்கக்கூடும்.

வழிபாட்டில் சில எச்சரிக்கைகள்

சூரிய நமஸ்காரமும் ரத சப்தமி வழிபாடும் போற்றத்தக்கவை. ஆனால் கதிரவனை நேரே உற்றுப் பார்த்தால் விழித்திரையின் நடுப்பகுதி வெந்துவிடும், வலியே தெரியாது. கைகளை உயர்த்தி, பார்வையைத் தாழ்த்தி அர்க்கியம் விடுங்கள். கிரகணத்தைத் தாம்பாள நீரில் பார்ப்பதும் பாதுகாப்பன்று.

கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், மருத்துவர் சொல்லும்வரை தலைக்குக் குளிப்பதையும் திருக்குளத்தில் மூழ்குவதையும் தவிர்க்க வேண்டும். விபூதியை நெற்றியில் பூசும்போது பொடி இமையில் உதிராதபடி சிறிதளவே ஈரமாக இட்டுக்கொள்ளலாம். தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்ற வேண்டாம். சிரசில் தெளித்துக்கொண்டால் போதும். தீபாராதனைத் தட்டில் கைகளை வைத்துக் கண்களில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் நம் அனைவருக்கும் உண்டு. சிகிச்சையான கண்ணைத் தொடாமல், கைகளை முகத்தெதிரே காட்டி வணங்கினாலும் அந்த ஒளி ஏற்கப்படும். ஊரில் கண்வலி பரவும் நாட்களில் இது எல்லோருக்கும் நன்று. அந்நோய் கையாலேயே பரவுகிறது. சிகிச்சைக்குப் பின் கண் சிவந்து வலித்து, பார்வையும் குறைந்தால் மறுநாள் வரை பொறுக்கலாகாது.

சந்நிதிக்குள்ளேயே நாள் முழுதும் நிற்கும் அர்ச்சகர்களையும் மடைப்பள்ளியில் விறகுப் புகையில் வேலை செய்வோரையும் யார் நினைக்கிறோம்? கற்பூரப் புகை கண்ணை உலர்த்தி உறுத்தலைத் தருகிறது. கருவறைக்குள் கற்பூரத்தை நிறுத்தி நெய் தீபம் காட்டும் வழக்கம் பல ஆலயங்களில் வந்திருப்பது அவர்கள் கண்ணுக்கும் நல்லதே.

திரும்பாத பார்வைக்கு

எல்லாப் பார்வையும் திரும்பும் என்று சொல்வது பொய். திரும்பாதவர்களுக்குத் திருவாரூரில் ஒருவர் இருக்கிறார். பிறவியிலேயே பார்வையற்றவரான தண்டியடிகள் நாயனார், கமலாலயத் திருக்குளத்தின் ஒரு புறம் தூர்ந்து குறுகியிருப்பதை அறிந்து, தாமே தோண்ட முற்பட்டார். குளத்தினுள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து கொட்டினார். இறைவன் அருளால் அவருக்குக் கண் கிடைத்தது பின்னர் நடந்தது. அதற்கு முன் அவர் கட்டிய அந்தக் கயிறு இருக்கிறதே, அதுதான் நமக்கு வேண்டுவது. படுக்கையிலிருந்து குளியலறை வரை சுவரில் ஒரு கைப்பிடி. படிகளின் விளிம்பில் மஞ்சள் வண்ணப் பட்டை. பூஜையறையில் பொருள்கள் என்றும் மாறாத இடத்தில். பெரிய எழுத்துத் தோத்திரப் புத்தகம், உருப்பெருக்கிக் கண்ணாடி, எழுத்தின் மீது நேராக விழும் விளக்கு. பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. எஞ்சிய பார்வையைப் பயன்படுத்தும் கருவிகளை அங்கே பழக்கித் தருவார்கள்.

காளத்தியில் கண்ணப்பர் செய்ததையும் நினைவுகூர்வோம். இறைவன் திருக்கண்ணில் குருதி பெருகியதும் அவர் உடனே தம் கண்ணைத் தோண்டிவிடவில்லை. முதலில் காடெங்கும் ஓடிப் பச்சிலை தேடிப் பிழிந்தார். அது பலிக்காத பிறகே, சதைக்குச் சதையே மருந்து என்னும் பழஞ்சொல் நினைவுக்கு வந்தது. கருவிழி வெண்மையாகிப் பார்வையிழந்தோருக்கு இன்றும் மருந்து அதுவே: மற்றொருவரின் கருவிழி. உயிரோடிருப்பவர் கண்ணைத் தர வேண்டியதில்லை, தரவும் முடியாது. மறைந்த பிறகு தந்தால் போதும். கண் தந்தவர் மறுபிறவியில் குருடராவார் என்று அஞ்சுவோர், கண்ணப்பருக்குக் கிடைத்த பதவி எது என்று எண்ணிப் பார்க்கலாம்.

வயது இதற்குத் தடையன்று. கண்ணாடி அணிந்தவர், கண்புரைச் சிகிச்சை செய்துகொண்டவர், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உடையவர் எவரும் தரலாம். ரத்தப் புற்றுநோய், எய்ட்ஸ், வெறிநாய்க்கடி போன்ற சில நோய்களால் இறந்தோர் கண்களை மட்டும் ஏற்பதில்லை. உயில் எழுதுவது போல் எழுதி வைத்தால் மட்டும் போதாது; அந்நேரத்தில் சம்மதம் தர வேண்டியவர்கள் வீட்டார்தான். ஆதலால் அவர்களிடம் இப்போதே வாய்விட்டுச் சொல்லி வைக்க வேண்டும். உயிர் பிரிந்தவுடன் இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையணையால் தலையைச் சற்று உயர்த்தி வைத்துவிட்டு, அருகிலுள்ள கண் வங்கிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அவர்களே வீடு தேடி வருவார்கள். இருபது நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். முகத்தில் மாறுதல் தெரியாது. ஈமக் கடன்களுக்குத் தாமதமும் இல்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டு 25 முதல் செப்டம்பர் 8 வரை கண் தான இருவாரமாக நாடெங்கும் அனுசரிக்கப்படுகிறது. அந்நாட்களில் பல ஊர்களில் கண் வங்கியினர் உறுதிமொழிப் படிவங்களைத் தருகிறார்கள். மற்ற நாட்களில் கண் மருத்துவமனைகளில் கேட்டுப் பெறலாம்.